நாற்பத்தேழாம் உறை

பதினோரு பக்கச் சம்மதப் படிவம்.
பக்கத்துக்கு ஒரு கையெழுத்து என்றதும்
கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறான் முனிரத்தினம்.
பேசுவது தெலுங்கு.
படித்தது தமிழ், ஐந்தாவது வரை.
இருமல் மூன்று மாதம்.

'எல்லோருக்கும் நாலு மாதம் நிஜ மாத்திரை.
கடைசி ரெண்டு மாதம்
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு
அதே நிறத்தில் மாவு.'
படிவம் அதை மருந்துப்போலி என்கிறது.
பொதட்டூர்பேட்டையில் அந்தச் சொல்லை
யாரும் வாயில் போட்டதில்லை.

'குலுக்கல் சீட்டு மாதிரி?'
'ஆமாம். கமிஷன் கிடையாது.'
'எனக்கு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?'
'தெரியாது.'
'டாக்டருக்கு?'
'தெரியாது.'
'பின்ன யாருக்குத்தான் தெரியும்?'
சென்னையில் பூட்டிய ஓர் அலமாரிக்கு.
சிரித்தான். கையெழுத்துப் போட்டான்.
நாற்பத்தேழாம் உறையைக் கிழித்தேன்.
உள்ளே ஓர் எண், அவ்வளவுதான்.

பதினான்கு வருடம் வார்டில்
தெரிந்த மாதிரி முகம் வைத்துக்கொண்டதற்குச் சம்பளம் வாங்கினேன்.
இப்போது
தெரியாது என்று சொல்வதற்கு,
ஒப்பந்தம், மார்ச் வரை.

ஐந்தாம் மாதம் அவன் வரவில்லை.
போனில் ஒரு பெண் தெலுங்கில்
அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றாள்,
மூன்று நாளும் அதே பொறுமையோடு.
நகரிக்குப் பஸ் ஏறினேன்.
எல்லை தாண்டியதும்
கடைப் பலகைகளில் எழுத்து உருண்டுகொள்கிறது,
வெயில் அப்படியேதான் இருக்கிறது.

தறிக்கூடத்தில் காது ஒன்றுக்கும் உதவாது.
உதட்டைப் படிப்பார்கள்.
கத்தினேன், கையை ஆட்டினேன்.
அவன் என் முகத்தையே பார்த்து நின்றான்.
பிறகுதான் உறைத்தது.
மாஸ்க்கைக் கீழே இறக்கினேன்.

'மாத்திரை எங்கே?'

பதில் சொல்லாமல் திரும்பிப் பார்த்தான்.
மூன்றாம் தறிக்குப் பின்னால்
அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள் பங்காரம்மா.
அவள் இருமியதை நான் கேட்கவில்லை,
பார்த்தேன். தோள் இரண்டும் குலுங்கி
நூல் கையிலிருந்து நழுவியது.

'செரி சகம்,' என்றது அவன் உதடு.
நாலில் ரெண்டு அவளுக்கு.
தோசையைப் பிட்டுக் கொடுத்ததைச் சொல்வதுபோல.

அவள் விழுங்கியது மருந்தா மாவா?
மருந்தை அரைகுறையாகத் தின்றால்
கிருமி பழகிக்கொள்ளும்.
மாவென்றால் வெறும் மாவு.
இருபது வருடத்தில் முதன்முறையாக
ஒரு நோயாளி தின்றது
மருந்தாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்,
எந்தச் சாமியிடம் என்று சொல்லாமல்.

விலகல் படிவம். காரணம்:
ஒன்று, பக்கவிளைவு.
இரண்டு, இடமாற்றம்.
மூன்று, விருப்பமின்மை.
நான்கு, மற்றவை. எதிரே ஒரு விரல் நீளக் கோடு.
மாத்திரையைப் பங்காரம்மாவுடன் பகிர்ந்தார் என்று
நுணுக்கி எழுதினேன்.
மறுவாரம் மேலிடத்துக் குறிப்பு வந்தது:
மேற்படி நபர் பங்கேற்பாளர் அல்லர்,
பெயரை நீக்கவும்.
ஒற்றைக் கோட்டில் அடித்து
தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.
அடித்தாலும் படிக்க முடியவேண்டும் என்பதும்
விதிதான்.

அன்று திரும்பும் பஸ்ஸில்
அவள் சளிக் குப்பி என் மடியில், ஐஸ் பெட்டிக்குள்.
'சாப்பாடா மேடம்?' என்றார் கண்டக்டர்.
தலையாட்டி வைத்தேன்.
ஆந்திர ஆதார், நம் லேபில் பதிய முடியாது.
ஞானசௌந்தரி எதுவும் கேட்கவில்லை.
குப்பியை வாங்கி
விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து
'எச்சில் இல்ல, சளிதான்,' என்றாள்.
அதுவே அன்றைக்குப் போதுமாக இருந்தது.

நாற்பத்தெட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.
கோதண்டன், செங்கல் சூளை.
உறையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.
'எனக்கு எது வரும்னு...'
தெரியாது என்று சொல்வதற்கு முன்னால்
கேட்டுவிடுகிறேன்:
'வீட்டில் வேற யாருக்கு இருமல்?'