சட்டநாதன் தெரு

கேஸ் புத்தகத்தில் இன்னும்
மேட்டுத்தெரு மூன்றாம் சந்துதான்.
இனி சட்டநாதன் தெரு.
நகராட்சித் தீர்மானம் இருநூற்றுப் பதினான்கு,
ஆட்சேபணை இரண்டு:
ஒருவர் தன் மாமனார் பெயரைக் கேட்டவர்,
இன்னொருவர் எதையும் ஆட்சேபிப்பவர்.

யார் இந்தச் சட்டநாதன், தியாகியா?
மாடியில் புதிதாகக் குடிவந்த வங்கிக்காரர் கேட்டார்.
தண்ணி திறந்துவிடுறவர் என்றேன்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.
முப்பத்தாறு வருடம்.

மாயவரத்துக்குக் காவிரி
ஆடியில் வரும், தையில் போகும்.
நாங்கள் குடிப்பது கொள்ளிடத்துத் தண்ணீர்.
அது எந்த முடுக்கில் மூச்சு வாங்கும்,
எவர் வீட்டு அடுப்படிக்குக் கீழே
பழைய இரும்புக் குழாயாய்த் துருவேறிக் கிடக்கும்
என்று காட்ட ஒரு வரைபடம் இருந்ததாம் ஆபீசில்.
கரையான் தின்றதா, வெள்ளத்தில் போனதா
என்பதில் இரண்டு கட்சி.

சட்டநாதன் வருவார்,
ஆள் உயரச் சாவியைச் சைக்கிளோடு கட்டிக்கொண்டு.
சாக்கடை ஓரம் குந்தி, மூடியைத் தூக்கி
பதினோரு சுற்று.
அப்புறம் சாவியின் தலையில் காதை வைப்பார்,
அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பவர்போல.

கடைசி வீடு எங்களுடையது.
முன்வீட்டு மோட்டார்கள் உறிஞ்சியது போக
எனக்கு வருவது காற்று.
ஒரு சித்திரை விடியலில், நைட்டியோடு தெருவில் நின்று
கேட்கக் கூடாத ஒரு கேள்வியை அவரைக் கேட்டேன்.
பதில் இல்லை.
மறுவாரம் முதல் எங்கள் பக்கத்தை மட்டும்
இருபது நிமிடம் முன்னால் திறந்தார்.
மோட்டார்கள் கண்விழிக்காத அந்த இருபது நிமிடத்தில்
என் பிள்ளைகள் இருவரும்
குளித்துப் படித்து முடித்தார்கள்.
நான் மன்னிப்புக் கேட்கவில்லை.
அதற்குள் ஓய்வு பெற்றார்,
அதற்குள் செத்தும் போனார்.

பலகை நட்ட அன்று
வாழைமரம், மைக்செட், பதினாறு சால்வை.
சேர்மன் வருகிறார் என்று
பத்து மணிக்கும் தண்ணீர் விட்டிருந்தார்கள்.
"ஓயாத உழைப்பாளி" என்று அவர் தொடங்க
குழி தோண்டிய பையன்
கடப்பாரையை இன்னொரு தரம் ஓங்கினான்.

பீறிட்டது.
முதலில் சால்வைகள், பிறகு மைக்,
பிறகு உழைப்பாளி பற்றிய மூன்று பக்கம்.
வால்வை மூடுங்கய்யா!
பொறியாளர் உதவிப் பொறியாளரைப் பார்த்தார்.
அவர் ஃபிட்டரைப் பார்த்தார்.
ஃபிட்டர் காண்டிராக்ட் ஆளைப் பார்த்தார்;
அவன் வந்து நாலு மாதம்.
இப்போதெல்லாம் டேங்கில் திறந்து டேங்கில் மூடுவது.
டேங்க் ஆப்பரேட்டர் போனை எடுக்கவில்லை.

முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து
பவுனம்மாள் எழுந்தார்,
கூறைநாட்டுச் சேலை முழங்கால்வரை நனைந்திருக்க.
"தூக்கத்துல உளறுவாரு," என்றார் யாருக்கோ,
"கோனார் வீட்டுப் படியிலேருந்து ஒம்போது,
வேம்பப் பாத்து நாலு."
நடந்தார். ஒன்பது.
வேம்பு வெட்டிப் பல வருடம்,
ஆனாலும் அதன் பக்கமாய்த் திரும்பினார். நாலு.
நின்ற இடம், மேடை.

சேர்மனை இறக்கி மேடையைத் தூக்கினோம்.
தார்ப்பூச்சைக் கொத்தினால், மூடி.
சாவி?
"வீட்ல இருக்கு. துணி காயப்போடுறேன்."

வங்கிக்காரர்தான் ஸ்கூட்டரில் போய் எடுத்துவந்தார்,
ஒரு முனையில் பாவாடை நாடாவின் துண்டோடு.
தெருவே எண்ணியது.
எட்டில் இறுகியது, ஃபிட்டர் கைவிட்டார்.
இன்னும் மூணு இருக்கு என்றேன் நான்,
எனக்கே கேட்காத குரலில்.

பலகை இப்போது நாலடி தள்ளி
சற்றுச் சாய்ந்து நிற்கிறது.
ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் மூன்றாம் சந்துதான்.

சாவி நகராட்சிப் பொருளாச்சே என்று
அன்றைக்கு யாரோ இழுத்தார்.
பவுனம்மாள் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.
"கொடுங்க," என்றார்,
"ஈரத்துணி தரையில கிடக்கு."