கத்தரிக்கோல்

பூசானில் குளிர்ந்த நூடுல்ஸ் கிண்ணத்தோடு
கத்தரிக்கோலும் மேசைக்கு வரும்.
எல்லோரும் வெட்டித்தான் தின்பார்கள்.
அதனால் நாற்பத்தாறு வருடம்
யாருக்கும் தெரியவில்லை,
என் முன்பற்கள் ஒன்றையொன்று
தொட்டதே இல்லை என்று.

இறுக மூடினாலும் நடுவில்
ஒரு சன்னல் திறந்தே இருக்கும்.
நாக்கு வந்து எட்டிப் பார்க்கும்.
துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு பிடிப்பது என் வேலை.
வயர்லெஸ்ஸில் 'ச' சொன்னால் வெறும் காற்று போகும்;
மறுபடி சொல், தாக், என்பார் இழுவைப்படகின் கேப்டன்.
பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினேன் என்று
நான் சொன்னால் அது பொய்.
எனக்குக் கடிக்க இருந்தது
கடைவாய் மட்டும்.

டாக்டர் பியோன் என்னைவிட இளையவள்.
முன்னால் மூட வேண்டுமென்றால்
பின்னால் அமுக்க வேண்டும் என்றாள்.
மேல் கடைவாய்ப் பற்கள்
எலும்புக்குள் மூன்று மில்லிமீட்டர் ஏறினால்
கீழ்த்தாடை தானே சுழன்று மேலே வரும்.
தாடையை அறுக்க வேண்டாமா?
பார்க்கலாம், என்றாள்.

பல்லைப் பல்லோடு கட்டி இழுத்தால்
இரண்டும் நகரும், என்று ஆரம்பித்தாள்.
தெரியும், என்றேன்.
இரண்டு படகை ஒன்றோடொன்று கட்டி
விஞ்சைச் சுற்றிப் பாருங்கள்.
கரையில் ஓர் இரும்புத் தூண் வேண்டும்.
பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

தூண்கள், அரிசியைவிடக் கொஞ்சம் நீளம்.
டைட்டானியம். நான்கு.
மரத்துப்போன அண்ணத்தில்
திருகு ஏறியது வலிக்கவில்லை,
கேட்டது.
பக்கத்து வீட்டில் யாரோ
அலமாரி மாட்டுவதுபோல.

மூன்றாம் வாரம் இடப்பக்கத்து ஒன்று
கிம்ச்சியோடு கையில் வந்தது.
காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன்.
கொஞ்சம் தள்ளி வேறொன்று.

போகும்போதெல்லாம் நீலத்தாளை வைத்துக்
கடிக்கச் சொல்வாள்.
புள்ளிகள் எல்லாம் பின்னால்தான்.
ஒரு ஏப்ரல் போய் இன்னொரு ஏப்ரலும் வந்து
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
முன்பல்லில் ஒரே ஒரு புள்ளி,
மை தெறித்த மாதிரி.
கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.
அன்றிரவு முதல்முறையாக
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிறு. அதே கடை.
கி-தோக் பழக்கத்தில் கத்தரிக்கோலை நீட்டினார்.
வாங்கி அவர் கிண்ணத்தில்
குறுக்கே இரண்டு வெட்டு வெட்டிவிட்டு
என்னுடையதை முழுசாக அள்ளினேன்.
ஒரே ஒரு இழை அறுந்தது.
மற்றதெல்லாம் மோவாயில் தொங்க
அடுத்த மேசைப் பிள்ளை
வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.
அதற்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.