பின்னணிக் குரல்

சென்னைப் படத்தில் ஒருத்தி
முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு
எங்கட தமிழைக் கடிச்சுத் துப்பினாள்.
இரவோடிரவாக ஹேஷ்டேக் போட்டேன்:
#எங்கள்கதைக்குஎங்கள்குரல்.
விடியமுன் நாலாயிரம் பகிர்வு.
ரொறொன்ரோவிலிருந்து ஒருவர்
அழுதே விட்டாராம்.

மத்தியானம் கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோவில்
என் குறும்படத்துக்குக் குரல் பதிவு.
குருநகர் எமல்டா நடித்த பாத்திரத்துக்கு
நல்லூர்ப் பிள்ளையொன்று பேசிக்கொண்டிருந்தது.
"அவளின்ர கதை கரையூர்க் கதை,
சனத்துக்கு விளங்காது"
நான்தான் சொன்னது.

மிச்சக் காசுக்கு வந்தவள்
கண்ணாடிக்கு இப்பால் நின்று
திரையில் தன் வாய் அசைய
வேறொருத்தி அழுவதைக்
கேட்டு முடித்தாள்.

"அண்ணை, உங்கட பதிவை
நானும் பகிர்ந்தனான்.
அந்த ஆயிரத்தைந்நூறு
எப்ப தருவியள்?"