நான்காம் வரிசை

மானியத்தின் இரண்டாம் தவணைக்கு இன்னும் பதினோரு நாள்.
அதற்குள் நான் விளக்கியாக வேண்டும்:
சுவைக்கில், கடலிலிருந்து நாலு கிலோமீட்டரில்,
நான்காம் வரிசைக் கம்பு
ஏன் இன்னும் சாகவில்லை.

முன்மொழிவை எழுதியவள் நான்.
நாலு வரிசை, நாலு வகைத் தண்ணீர்.
முதலாவதற்கு டேங்கரில் வரும் நல்ல தண்ணீர்.
அடுத்த இரண்டுக்கும் கலந்தது.
நான்காவதற்குக் கிணறு தருவதை அப்படியே.
அதில் கை கழுவினால்
காய்ந்தபின் விரலிடுக்கில் வெள்ளை பூக்கும்.
எந்த உப்பில் பயிர் கைவிடுகிறது
என்பதுதான் ஆராய்ச்சி.
கைவிடுவதற்கென்றே விதைத்த வரிசைக்கும்
நிதிப் பட்டியலில் இடம் உண்டு:
விதை, கூலி, சொட்டுக்குழாய்,
எதிர்பாராச் செலவு ஐந்து சதவீதம்.

ஆகஸ்ட் இருபதுக்குள் கருகியிருக்க வேண்டும்.
நுனி மட்டும் பழுத்தது.
பிறகு என்ன நினைத்ததோ,
கதிர் தள்ளியது, கூச்சமே இல்லாமல்.

மீட்டரைச் சந்தேகித்தேன். மாற்றினேன்.
மண்ணை வடித்து மூன்று முறை அளந்தேன்.
டேங்கர் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன்,
ஒரு கேலன்கூட இடிக்கவில்லை.
டாக்டர் நஸ்ரா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"விலகல். அந்த வரிசையை எடுத்துவிடு.
பணம் கொடுப்பவர்களுக்கு நேர்க்கோடுதான் பிடிக்கும்."

பணம் கொடுப்பவர்கள் இன்னொன்றும் கேட்டிருந்தார்கள்:
பயிற்சி பெற்ற விவசாயிகள், எண்ணிக்கையில்.
மார்ச்சில் நடத்தினோம். நாற்பத்து மூன்று கையெழுத்து.
கிணறு உப்பாகிப்
பேரீச்சந்தோப்பில் பாதியை இழந்த சைஃப் பின் முசல்லம்
முன்வரிசையில் அமர்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.
மஸ்கட்டில் வேலை பார்க்கும் இரண்டு மகன்களுக்கும்
அவரே கையெழுத்துப் போட்டார்.
நாற்காலி போட்டவன் மொய்னுல்.
அல்வாத் தட்டை ஏந்தி வந்தவனும் அவன்தான்.
வேரைச் சுற்றி உப்பு ஏறும் படம் திரையில் ஓடியபோது
தட்டைக் கீழே வைக்க மறந்து
கதவோரமே நின்றுவிட்டான்.
கையெழுத்துத் தாள் கதவுவரை போகவில்லை.
நிலம் உள்ளவரே விவசாயி என்கிறது
விதிமுறையின் இரண்டாம் பக்கம்.

நேற்று இரவு பத்தரை.
அறிக்கையோடு மல்லுக்கட்டி முடியாமல் வெளியே வந்தேன்.
காற்று, பிழியாத ஈரத்துணி.
என் ஜன்னல் ஏசிக்குக் கீழே
ஒரு சமையலெண்ணெய் டின்.
சொட்டு. சொட்டு.
அடுத்த ஜன்னலுக்கும் ஒன்று. லேபுக்கு இரண்டு.
தொழிலாளர் அறை ஆறுக்கும் ஆறு.
ஒவ்வொன்றாக வாளியில் சாய்த்துக்கொண்டு
செருப்பில்லாமல் இருட்டில் நடந்தான் மொய்னுல்,
நான்காம் வரிசைக்கு.

"ஏன்?" என்றேன்.
"செத்துக்கொண்டிருந்தது, மேடம்."
சாகத்தான் விதைத்தோம் என்று சொல்ல
என் அரைகுறை இந்தியில் வார்த்தை இல்லை.
தமிழிலும் அது வாய்க்கு வரவில்லை.

இன்று அளந்தேன்.
உப்பின் சுவடே இல்லை.
பத்து டின், ஓர் இரவுக்கு நூற்று முப்பது லிட்டர்.
அதில் பதினாலு,
இந்த மானியத்துக்காக நான் கண்விழித்த அறையின் குளிர்.
ரசீது இல்லாத தண்ணீர்.
எந்தத் தலைப்பின் கீழும் வராத தண்ணீர்.

வரிசை நான்கு: முறைகேடு, என்று அடித்தேன்.
அழித்தேன்.
வரிசை நான்கு: திட்டமிடாத பாசனம்.
காரணம் எழுத இருநூறு எழுத்துக்குத்தான் கட்டம்.
ஏசி, டின், இரவு, வாளி என்று நெருக்கி
கடைசியில் அவன் பெயரையும் திணித்தேன்.
பயிற்சி பெற்றோர் கட்டத்துக்கு மேலேறி
நாற்பத்து மூன்றை
நாற்பத்து நான்கு ஆக்கினேன்.

உடனே சிவப்பில் கேட்டது திரை:
நிலத்தின் பரப்பு?

அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
வெளியே என் ஜன்னலுக்குக் கீழே
சொட்டுச் சத்தம் மாறியிருந்தது,
டின் நிரம்பிவிட்டது.
அவன் லேப் பக்கம் இருப்பான்.
எழுந்தேன்,
யாராவது அதைச் சாய்க்க வேண்டும்.