வியாழன் வரைக்கும்

திங்கட்கிழமை ஊசி வைத்து எடுத்தார்கள்.
"வியாழன் வாங்க" என்றாள் அந்தச் சின்னப் பெண்,
தையற்காரர் ஜாக்கெட்டுக்கு நாள் சொல்வதுபோல.

திரும்பும் வழியில் முள்ளுக்கத்திரி அரைக்கிலோ.
இளவம்பாடிக் காய்தான் என்று சத்தியம் செய்தான் கடைக்காரன்.
காம்பு முள் கட்டைவிரலில் ஏறியது.
அதற்கு மட்டும் "ஸ்ஸ்" என்றேன்.

மாடியில் இரண்டு அறை விட்டிருக்கிறோம்,
வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு, நாள் வாடகை.
பன்னிரண்டு வருஷம்.
காட்பாடியில் இறங்கி
தலையணையும் குக்கருமாக வந்து நிற்பவர்களிடம்
எந்தக் கவுண்டர், எந்த பிளாக்,
வெறும் வயிற்றிலா சாப்பிட்டா
எல்லாம் நான்தான் சொல்வேன்.
ரிப்போர்ட் உறையை அவர்கள் பிடித்து வரும் விதத்திலேயே
பாதி தெரிந்துவிடும்.
என் கை எப்படிப் பிடிக்கும் என்று யோசித்தேன்,
மாவு கரைக்கும்போது.
உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அன்றைக்கு வரிசையில் அட்டெண்டர் தேசிங்கு கேட்டார்:
"இன்னிக்கு யார கூட்டினு வந்தக்கா?"
"தெரிஞ்சவங்க."
பொய்யில்லை.
நாற்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

தயாளனுக்கு இந்த வாரம் ராணிப்பேட்டையில் நைட் ஷிப்ட்.
விடிந்து, தோல் வாடையோடு வந்து
குப்புறப் படுப்பவரை எழுப்பிச் சொல்ல
நல்ல நேரம் எது?
நாள்காட்டியில் கிழித்துப் பார்த்தேன்,
ராகுகாலம்தான் போட்டிருந்தது.
செவ்வாய் சொல்லலாம் என்றிருந்தேன். சிலிண்டர் தீர்ந்தது.
புதன் சொல்லலாம் என்றிருந்தேன்.
ஹேமாவதி வரைபடத்தோடு அழுதுகொண்டு வந்தாள்:
பாலாறு வரையணும், நீலப் பென்சில் இல்லை.
"பழுப்பு அடிடி. பாத்ததத்தானே வரையணும்" என்றேன்.
சிரித்துவிட்டாள்.
நானும் சிரித்தேன், இடது பக்கம் இழுத்தது.

குளிக்கும்போது அந்த இடத்தைத் தொடுவதில்லை
என்று முடிவு செய்திருந்தேன். கை கேட்பதில்லை.
கடலைப்பருப்பு அளவு.
இல்லை, கொண்டைக்கடலை.
ஊறினதா, ஊறாததா?

மேல் அறையில் ஷிகா. மால்டாவிலிருந்து.
அவள் புருஷனுக்குத் தொண்டை.
முதல் வருஷம் எனக்கு அவர்கள் பாஷை ஒரு சொல் தெரியாது.
"பொய் நேய், பொய் நேய்" என்று
ஒருத்தர் முதுகை ஒருத்தர் தடவிக்கொண்டு சொல்வார்கள்.
என்ன பொய், யார் சொன்ன பொய் என்று
படிக்கட்டில் நின்று குழம்பியிருக்கிறேன்.
அங்கே பயத்துக்கு அப்படிப் பெயர்.
பயமில்லை என்கிறார்கள்.
அப்புறம் நூறு பேருக்காவது நானே சொல்லியிருப்பேன்,
ரசம் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே.

புதன் ராத்திரி துணி எடுக்க மொட்டைமாடி போனேன்.
பத்தரை மணிக்கும் தரை சுட்டது;
இந்த ஊர் வெயிலுக்கு வீட்டுக்குப் போகத் தெரியாது.
கொடியில் அவள் சேலையும் என் நைட்டியும்
ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.
ஷிகா கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து
என் உள்ளங்கையில் போட்டாள்.
பிளாஸ்திரி துருத்தின இடத்தில்
அவள் கண் ஒரு நிமிஷம் நின்றது.
கேட்கவில்லை.
அந்தச் சொல்லையும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
எனக்குத் தமிழில்தான் கேட்டிருக்கும்.

வியாழன்.
ஹேமாவுக்கு எலுமிச்சை சாதம் கட்டினேன்.
மேல் அறைக்குச் சுடுதண்ணீர் அனுப்பினேன்.
தயாளன் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது சொன்னேன்:
"கழட்டாதீங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் போணும்."
"யாருக்கு?"

கேஸை மூடினேனா பார்த்துவிட்டு வருகிறேன் என்று
உள்ளே போனேன்.
மூடித்தான் இருந்தது.
இன்னொரு தடவை திருகினேன்.