பதினொரு ஓட்டு

தளியில் அந்த வாரம்
குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது.
பண்ணை வேலைக்குப் போகும் பைரம்மா
கொட்டகைக்குள் ரோஜாவுக்கு வெதுவெதுப்பு உண்டு,
வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்குத்தான் இல்லை
என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

என் கொல்லையில், பின்தெருவை ஒட்டி, ஓர் எலுமிச்சை.
மூன்றாம் வருஷம். முதல் பூ.
வண்டி சீட்டின்மேல் பொடியுப்பு மாதிரி
ஏதோ படிந்திருந்த காலையில்
நுனிக்கொழுந்து இரண்டு
வெந்த கீரையாய்த் தொங்கின.

சாயங்காலம் வேருக்கு நீர் விட்டேன்.
ஈர மண், பகல் வெயிலில் கொஞ்சம்
ராத்திரிக்கு எடுத்துவைக்குமாம்.
நான்கு மூங்கில் நட்டேன்.
போர்த்த என்ன இருக்கிறதென்று தேடினால்
பரண்மேல் சுருண்டு கிடந்தது
ஆறுக்குப் பத்து ஃப்ளெக்ஸ்:
கும்பிட்ட கையோடு நான்,
பக்கத்தில் சீப்புச் சின்னம்.
பதினொரு ஓட்டில் தோற்ற நான்.

முகம் உள்பக்கம் இருக்கும்படி கட்டினேன்.
மரம் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்,
தெரு பார்த்தது போதும்.

குண்டு பல்புக்கு அலைந்தது தனிக்கதை.
நான்கு கடையிலும் எல்இடிதான்,
சூடில்லாத வெளிச்சம்.
ஐந்தாவது கடை நஞ்சுண்டப்பா
அட்டைப்பெட்டியில் துழாவி
அறுபது வாட் ஒன்றை எடுத்துத் தூசி ஊதினார்.
"கோழிக்குஞ்சுக்கா?"
ஆமாம் என்றேன்.

நாலு மணிக்கு நாய் குரைத்து எழுந்தால்
கொல்லையில் நான் எரிந்துகொண்டிருக்கிறேன்.
உள்ளிருந்து விளக்கு ஊடுருவி
ஆறடி முகம் தெருவைப் பார்த்துச் சிரிக்கிறது.
எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி
எந்த மொழியிலும் இல்லாத வாக்குறுதி.
பால்வண்டிக்காரன் நிறுத்தி
முழுசாய்ப் படிக்கப் பார்த்துவிட்டுப் போனான்.
அணைத்துவிடலாமென்று சுவிட்சுவரை போனேன்.
சிமெண்டுத் தரை காலைக் கடித்தது.
அணைக்கவில்லை.

வெயில் ஏறுமுன் கயிற்றை அவிழ்க்கையில்
வேலியோரம் கெம்பம்மா.
பூட்டு சாவிக்குக் குத்தியவள்.
அது எனக்குத் தெரியும்,
எனக்குத் தெரியுமென்று அவளுக்கும் தெரியும்.
"எங்க நார்த்தைக்கும் ஒண்ணு வேணும்" என்றாள்,
"உன் மூஞ்சி இன்னும் இருக்குதா?"

இருக்கிறது. இன்னும் ஏழு.

பூ உதிரவில்லை.
ஒரேயொரு கிளை மட்டும் கருகியிருந்தது,
ஃப்ளெக்ஸ் தொய்ந்து
என் மூக்கு அதன்மேல் பட்ட இடத்தில்.