துலக்கியது

ஏலத்துக்கு முந்தின ராத்திரி
மேவிஸ் ஹுக்ஸ்ட்ராவுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது.
சமையல் சோடா, வெந்நீர், பழைய பல் பிரஷ்.
புருஷன் சேர்த்துவைத்த வெள்ளி டாலர்கள்
விடிவதற்குள் கரண்டிபோல் மின்னின.

அயோவாவில், கண்காட்சித் திடலின் பன்றிக் கொட்டகையில்
ஒவ்வொருவராய் லென்ஸை வைத்துப் பார்த்தோம்,
ஒவ்வொருவராய்ச் சத்தமின்றிக் கீழே வைத்தோம்.
மயிரிழைக் கீறல்கள், வட்டம் வட்டமாய்.
அதில் ஒன்றை முன்பே எனக்குத் தெரியும்:
ஓரம் முழுக்க நீலமும் செம்பும் ஏறியிருந்தது,
நூறு வருடக் காற்று பூசிய நிறம்.
வயிறு எரிந்தது.

"பளிச்சுனு இருக்கு, இல்ல?"
"ஆமாம்" என்றேன்.

இருநூறு என்று ஆரம்பித்த ஏலக்காரர்
நூறு, எண்பது, நாற்பது என்று படியிறங்கினார்.
மின்விசிறி மட்டும் பேசியது.
முன்வரிசையிலிருந்து அவள் திரும்பினாள்,
சமைத்து வைத்தும் யாரும் சாப்பிட வராததுபோல.

என் அட்டை தானாக எழுந்தது என்றால் பொய்.
ஐம்பது.
பின்னாலிருந்து ஆர்லின் டெ யோங், "எழுபது."
என்னைவிட விவரம் தெரிந்தவன். மகா கஞ்சன்.
நூறு. நூற்றிருபது. நூற்றைம்பது.
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
இருநூற்றுப் பத்தில் நழுவிக்கொண்டான்;
அதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

வண்டிக்குள் உறையைப் பிரித்தேன்.
விளிம்பில்தான் பிடிக்கணும், முகத்தில் விரல் படக் கூடாது,
முப்பது வருடமாய் எனக்கு அதுதான் வேதம்.
சுதந்திர தேவியின் கன்னத்தில்
கட்டைவிரலை வைத்து
நன்றாக அழுத்தினேன்.
அங்கிருந்து கறுக்கத் தொடங்கட்டும்.